சுமைக்கு ரூ. 20 ஆயிரம், ஆளுக்கு ரூ. 200: டிராலி, ஜுகாட், பிக்-அப் வாகனங்களும் தில்லியின் சட்டமும்

புது தில்லி: சத்தீஸ்கர் மாநிலம் கபீர்தாம் மாவட்டத்தில் 2024-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி, பீடி சுற்றப் பயன்படும் தெண்டு இலைகளைப் பறித்துவிட்டு வீடு திரும்பிக் கொண்டிருந்த பைகா பழங்குடியினரின் பிக்-அப் வாகனம் பள்ளத்தில் கவிழ்ந்தது. 19 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஏறத்தாழ அனைவரும் பெண்கள். அந்த வாகனம் சரக்கு ஏற்றுவதற்காகத் தயாரிக்கப்பட்டது. ஆள்களை ஏற்றுவதற்காக அல்ல.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2024 பிப்ரவரி 24-ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் மாசிப் பௌர்ணமியை ஒட்டி கங்கையில் நீராடச் சென்றவர்களின் டிராக்டர் டிராலி குளத்தில் கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2022 அக்டோபர் 1-ஆம் தேதி இரவு, கான்பூர் மாவட்டம் காட்டம்பூர் பகுதியில், உன்னாவில் உள்ள சந்திரிகா தேவி கோயிலில் குழந்தைக்கு முடி இறக்கிவிட்டுத் திரும்பிய உறவினர் கூட்டம் பயணம் செய்த டிராலியும் குளத்தில்தான் கவிழ்ந்தது. அதில் இறந்தவர்கள் 26 பேர். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள்.

ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். பிரதமரும் முதல்வரும் இரங்கல் தெரிவிக்கிறார்கள். உதவித்தொகை அறிவிக்கப்படுகிறது. ஓட்டுநர் மீது வழக்குப் பதிவாகிறது. சரக்கு வாகனங்களில் ஆள்களை ஏற்றக் கூடாது என்ற பழைய உத்தரவு புதிதாகப் பிறப்பிக்கப்படுகிறது. கான்பூர் விபத்துக்குப் பிறகு, டிராக்டர் டிராலிகளை விவசாயப் பணிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத் வேண்டுகோள் விடுத்தார். ஒன்றரை ஆண்டுகூட முடிவதற்குள் அதே மாநிலத்தில் காஸ்கஞ்ச் விபத்து நிகழ்ந்தது.

உத்தரவுகள் ஏன் பலிக்கவில்லை என்ற கேள்விக்கு, ஓட்டுநரின் அலட்சியம், காவல் துறையின் மெத்தனம் என்று விடை சொல்லிவிடுவது எளிது. ஆனால், இந்த வாகனங்களை வாங்குவது, மாற்றி அமைப்பது, அவற்றில் சுமை ஏற்றுவது ஆகிய மூன்றையும் தில்லியில் எழுதப்படும் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதை ஆராய்ந்தால், குறை இன்னும் ஆழத்தில் இருப்பது தெரியவரும். சட்டத்தின் கண்ணுக்கு வாகனத்தின் வகையும் எடையும் தெளிவாகத் தெரிகின்றன. அதன் மேல் உட்கார்ந்து செல்லும் ஏழை மட்டும் தெரிவதில்லை.

ஒரு வாகனம், பல வேலைகள்

தமிழகத்தில் டிரெய்லர் என்றும் டிராக்டர் பெட்டி என்றும் வழங்கப்படுவதையே வட இந்தியாவில் டிராலி என்கிறார்கள். பஞ்சாப், ஹரியாணா, உத்தரப் பிரதேசக் கிராமங்களில் அது ஒரு வாகனமல்ல, பல வாகனங்கள். கோதுமை அறுவடையின்போது அது மண்டிக்குச் செல்கிறது. அரைவைப் பருவத்தில் சர்க்கரை ஆலை வாசலில் கரும்புடன் வரிசையில் நிற்கிறது. வேளாண் வேலை இல்லாத மாதங்களில் செங்கல் சூளைக்கு மண் சுமக்கிறது. கல்யாணம், கோயில், கங்கை நீராடல், அரசியல் கட்சிப் பொதுக்கூட்டம் என்றால் வைக்கோல் பரப்பி, தார்ப்பாய் கட்டி, ஊரையே ஏற்றிக் கொள்கிறது.

2020 நவம்பரிலிருந்து ஓராண்டுக்கும் மேலாக தில்லியின் சிங்கு, டிக்ரி, காஜிபூர் எல்லைகளில் முகாமிட்ட விவசாயிகளுக்கு அதே டிராலிதான் வீடாகவும் இருந்தது. மெத்தை, மின்விளக்கு, சமையல் பாத்திரங்கள், குளிருக்குத் திரை என அதை மாற்றி அமைத்த விதத்தைத் தலைநகரம் வியப்புடன் பார்த்தது. அந்தத் திறமை போராட்டத்துக்காகப் புதிதாக வந்ததல்ல.

டிராக்டர் வாங்க வசதி இல்லாதவர்களின் வாகனம் ஜுகாட். தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜின், பழைய ஜீப்பின் சக்கரங்களும் ஸ்டியரிங்கும், மேலே மரப் பலகை ஆகியவற்றைச் சேர்த்து ஊர்ப் பட்டறையில் கட்டப்படுவது அது. ஹரியாணாவிலும் மேற்கு உத்தரப் பிரதேசத்திலும் மாருதா என்பார்கள். பஞ்சாபில் பழைய மோட்டார் சைக்கிளின் பின்பாதியில் வண்டியைப் பொருத்தி ஜுகாட் ரேஹ்டி ஆக்குகிறார்கள். சென்னையின் மீன்பாடி வண்டியை அறிந்தவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது.

மூன்றாவது, தொழிற்சாலையில் முறையாகத் தயாராகும் சிறு சரக்கு வாகனம். 2005-ஆம் ஆண்டு டாடா ஏஸ் சந்தைக்கு வந்தபோது, ஒரு டன்னுக்கும் குறைவான சுமையை நான்கு சக்கர வாகனத்தில் கொண்டு செல்வது சிறு வியாபாரிக்கும் எட்டியது. பொலிரோ போன்ற பிக்-அப் வாகனங்கள் அதைவிடக் கூடுதல் சுமையுடன் மலைப்பாதைகளிலும் மண் சாலைகளிலும் ஏறின. காய்கறி, சிமென்ட், ஆடு மாடு, பந்தல் சாமான் என்று எதையும் ஏற்றும் இவை, காலையிலும் மாலையிலும் கூலித் தொழிலாளர்களையும் ஏற்றுகின்றன.

இவற்றின் எண்ணிக்கை இனி கூடத்தான் போகிறது. ஆண்டுக்கு 9 லட்சத்துக்கும் அதிகமான டிராக்டர்கள் உள்நாட்டில் விற்பனையாகின்றன. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரி மாற்றத்தில் டிராக்டர்களுக்கான வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், சரக்கு வாகனங்களுக்கான வரி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. வாங்குவது எளிதாகிவிட்டது. வாங்கியபின் அந்த வாகனத்தைச் சட்டப்படி வைத்துக்கொள்வது எளிதாகவில்லை.

பட்டறையில் பிறக்கும் பாதி வாகனம்

டிராக்டர் டிராலியின் அடிப்படைச் சிக்கல், அதன் முன்பாதி ஓரிடத்திலும் பின்பாதி வேறோரிடத்திலும் பிறப்பதாகும். டிராக்டர், மத்திய அரசு அங்கீகரித்த பரிசோதனைகளில் தேறிய பிறகே விற்பனைக்கு வருகிறது. டிராலியோ பெரும்பாலும் வட்டாரத் தலைநகரிலோ சந்தை ஊரிலோ உள்ள இரும்புப் பட்டறையில், வாங்குபவர் சொல்லும் அளவுக்குப் பற்றவைத்துத் தரப்படுகிறது. நீளம், உயரம், அச்சின் வலிமை எல்லாம் பட்டறைக்காரரின் அனுபவத்தைப் பொருத்தவை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, மோட்டார் வாகனம் என்ற சொல்லின் விளக்கத்திலேயே டிரெய்லரையும் சேர்த்திருக்கிறது. அதாவது, டிராலிக்கும் தனிப் பதிவு வேண்டும். நடைமுறையில் பதிவு எண்ணோ, பின்விளக்கோ, பிரதிபலிப்புப் பட்டையோ இல்லாத டிராலிகளைக் காண வட இந்தியாவின் எந்த மாவட்டச் சாலையிலும் அதிக தூரம் செல்ல வேண்டியதில்லை. டிசம்பர், ஜனவரி மாத மூடுபனியில் இத்தகைய டிராலியின் பின்புறத்தில் மோதும் வாகனங்களின் கதை ஆண்டுதோறும் செய்தியாகிறது.

பதிவில்லாதது காகிதக் குறை மட்டுமல்ல. பல டிராலிகளில் அவற்றுக்கென்று தனி பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டிய முழு பாரத்தையும் டிராக்டரின் பிரேக் ஒன்றே தாங்குகிறது. டிராக்டரோ வயலில் மெதுவாக உழுவதற்கென்று வடிவமைக்கப்பட்டது. தரையிலிருந்து உயர்ந்து நிற்பது. வேகமாகச் சென்று திடீரென நிறுத்தினாலோ, வளைவில் ஒடித்துத் திருப்பினாலோ பின்னால் வரும் டிராலி தள்ளுகிறது; இணைப்புக் கொக்கியில் இரண்டும் மடங்குகின்றன. டிராலியில் இருப்பது நெல் மூட்டையானால் சரிந்து விழும். நிற்பதும் உட்கார்வதுமாக 40, 50 பேர் இருந்தால், வளைவில் அவர்கள் ஒரு பக்கம் சாய்வதே கவிழ்வதற்குப் போதுமானது. பிடித்துக்கொள்ளக் கம்பியில்லை. கவிழ்ந்தால் இரும்புப் பெட்டி அவர்கள் மேலேயே விழுகிறது.

பிக்-அப் வாகனத்தின் கதை வேறு. அது முறையாகப் பதிவாகி வருகிறது; பிறகுதான் பட்டறைக்குப் போகிறது. பின் அச்சில் கூடுதல் ஸ்பிரிங் பட்டைகள் சேர்க்கப்படுகின்றன. பக்கப் பலகைகள் உயர்த்தப்படுகின்றன. இவற்றால் வாகனம் அதிக எடையைத் தாங்குவதுபோல் தோன்றுகிறது. ஸ்பிரிங் வலுப்பட்டதால் பிரேக்கின் வலிமை கூடிவிடுவதில்லை. அச்சும் சட்டகமும் பழையவைதான். வங்கித் தவணையையும் டீசல் செலவையும் ஒரு நடையின் வாடகையில் ஈடுகட்ட வேண்டிய உரிமையாளர், ஒரு டன் ஏற்ற வேண்டிய இடத்தில் இரண்டு டன் ஏற்றுகிறார். ஏற்ற மறுத்தால் அடுத்த வாகனம் தயாராக நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும்.

மாற்றி அமைத்தால் குற்றம்

வாகனத்தை மாற்றி அமைப்பது குறித்துச் சட்டத்தின் நிலை தெளிவானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழின் விவரங்கள் வேறுபடும் வகையில் உரிமையாளர் வாகனத்தை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் நீதிபதி அருண் மிஸ்ரா தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு இதை உறுதிப்படுத்தியது. தயாரிப்பாளர் அளித்த அடிப்படை அமைப்புக்கு மாறான வாகனத்தைப் பதிவு செய்யவோ இயக்கவோ முடியாது என்று அமர்வு தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வாகனத்தை மாற்றி அமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விற்பனையாளர் ஆகியோர் விதிகளை மீறி வாகனத்தை விற்றாலோ மாற்றினாலோ ஓராண்டு வரை சிறை, அல்லது வாகனம் ஒன்றுக்கு ரூ. 1 லட்சம் அபராதம் உண்டு. சாலையோரப் பட்டறை இந்த மூன்று பெயர்களில் எதிலும் எளிதில் அடங்குவதில்லை. வாங்கியவர் குற்றவாளி, செய்து கொடுத்தவர் பெரும்பாலும் வழக்கின் எல்லைக்கு வெளியே.

ஹரியாணாவின் சிர்சா மாவட்டத்தில், பஞ்சாப் எல்லையை ஒட்டிய மண்டி டப்வாலி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பழைய ஜீப்புகளைப் புதுப்பித்து, விரும்பிய வண்ணத்தில், விரும்பிய சக்கரங்களுடன் திறந்த ஜீப்பாக்கித் தரும் பட்டறைகளுக்கு அந்த ஊர் வட இந்தியா முழுவதும் பெயர்பெற்றது. ராணுவம் கழித்துவிட்ட ஜீப்புகளில் தொடங்கிய தொழில் அது. கிராமத்துப் பெரிய வீட்டின் கௌரவச் சின்னமாக அந்த ஜீப் கருதப்படுகிறது. ஒரே சட்டப் பிரிவு, விழாவுக்காக ஜீப்பின் கூரையை வெட்டும் வசதி படைத்தவருக்கும், கூலிக்காக மரப்பலகையில் இன்ஜின் பொருத்தும் ஏழைக்கும் பொருந்துகிறது. முன்னவருக்கு ரூ. 5,000 பொருட்டல்ல. பின்னவருக்கு வாகனம் பறிமுதலானால் அன்றே அடுப்பு எரியாது.

எடைக்கு ஒரு விலை, தலைக்கு ஒரு விலை

அளவுக்கு மீறி ஏற்றுவதற்கான தண்டனையும் 2019-இல் பலமடங்கு உயர்த்தப்பட்டது. 194-ஆவது பிரிவின்படி, அனுமதிக்கப்பட்ட எடையை மீறினால் அபராதம் ரூ. 20,000, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. அதிகப்படிச் சுமையை உரிமையாளர் செலவில் இறக்கிய பிறகே வாகனம் நகரலாம். சரக்கு பக்கவாட்டிலோ உயரத்திலோ வெளியே நீண்டிருந்தாலும் ரூ. 20,000.

இதே திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 194-ஏ பிரிவு, அனுமதிக்கப்பட்டதைவிட அதிகமான பயணிகளை ஏற்றும் போக்குவரத்து வாகனங்களைப் பற்றியது. அதற்கான அபராதம், கூடுதல் பயணி ஒருவருக்கு ரூ. 200. ஒரு டன் சிமென்டை அதிகமாக ஏற்றியவர் ரூ. 22,000 கட்ட வேண்டும். 30 பேரை அதிகமாக ஏற்றியவருக்கு, இந்தப் பிரிவின்படி, ரூ. 6,000. உரிம நிபந்தனை மீறல், ஆபத்தான ஓட்டுதல் போன்ற வேறு பிரிவுகளையும் அதிகாரிகள் சேர்க்க முடியும் என்பது உண்மையே. எனினும், மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வாகனங்களுக்குப் போக்குவரத்து உரிமமே தேவையில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. சிறிய பிக்-அப் வாகனங்கள் பல இந்த வரம்புக்குள் வருகின்றன. டிராக்டரோ விவசாய வாகனமாகப் பதிவாகி, போக்குவரத்து வாகனம் என்ற வகைக்கு வெளியே நிற்கிறது.

எடை விஷயத்தில் நடைமுறைக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை ஒருமுறை மத்திய அரசே குறைத்தது. 2018 ஜூலையில், சரக்கு வாகனங்களின் அச்சுகள் தாங்கலாம் என அனுமதிக்கப்பட்ட எடை உயர்த்தப்பட்டது. இரண்டு அச்சு லாரியின் மொத்த எடை வரம்பு 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும், மூன்று அச்சு லாரியின் வரம்பு 25 டன்னிலிருந்து 28.5 டன்னாகவும் மாறின. சரக்குப் போக்குவரத்துச் செலவைக் குறைப்பது நோக்கம் என்று அரசு கூறியது. அமைப்பு ரீதியாகக் குரல் கொடுக்கும் வலிமை லாரித் தொழிலுக்கும் பெருநிறுவனங்களுக்கும் உண்டு. தெண்டு இலை பறிக்கப் போகும் பெண்ணுக்கு அந்த வலிமை இல்லை.

194-ஏ பிரிவில் கவனிக்க வேண்டிய மற்றொரு வரியும் உண்டு. அதிகப்படியான பயணிகளை இறக்கிவிட்டு, அவர்களுக்கு மாற்று வாகனம் ஏற்பாடு செய்யப்படும்வரை அந்த வாகனத்தை நகரவிடக் கூடாது என்று அது விதிக்கிறது. நல்ல நோக்கம்தான். ஆனால், பேருந்தே வராத காட்டுப் பாதையில் மாலை ஆறு மணிக்கு ஒரு காவலர் எந்த மாற்று வாகனத்தை ஏற்பாடு செய்வார்? வழியில் மாற்று வாகனம் இருந்திருந்தால் அவர்கள் பிக்-அப் வாகனத்தில் ஏறியிருக்கவே மாட்டார்கள்.

இறந்த பிறகு தொடங்கும் வழக்கு

சட்டத்தின் வகைப்பாடு எவ்வளவு கடுமையானது என்பது விபத்துக்குப் பிறகுதான் குடும்பங்களுக்குப் புரிகிறது. சரக்கு வாகனத்தில் பயணம் செய்து இறந்தவரின் குடும்பம் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செல்லும்போது, காப்பீட்டு நிறுவனம் எழுப்பும் முதல் கேள்வி: இறந்தவர் யார்?

சரக்கின் உரிமையாளர் அல்லது அவருடைய அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதியாக இருந்தால் காப்பீடு உண்டு. 1994-ஆம் ஆண்டுத் திருத்தம் அதைத் தெளிவாக்கியது. வாகன உரிமையாளரிடம் வேலை பார்க்கும் சுமைத் தொழிலாளியாக இருந்தால், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அளவுக்குப் பாதுகாப்பு உண்டு. இரண்டும் இல்லாமல், வழியில் ஏறியவராகவோ, திருமணத்துக்கோ கோயிலுக்கோ போனவராகவோ இருந்தால், சட்டம் அவரைக் கட்டணமின்றி ஏறிய பயணி என்ற வகையில் வைக்கிறது. இத்தகையவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று 2002-ஆம் ஆண்டு ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. நிறுவனமே பொறுப்பு என்று 1999-ஆம் ஆண்டில் சத்பால் சிங் வழக்கில் அளிக்கப்பட்ட தீர்ப்பு அதன் மூலம் ரத்தானது.

2004-ஆம் ஆண்டு பல்ஜித் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே நிலையை மீண்டும் உறுதி செய்தது. எனினும், முதலில் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டுப் பின்னர் வாகன உரிமையாளரிடமிருந்து வசூலித்துக் கொள்ளட்டும் என்ற நடுவழியையும் அந்தத் தீர்ப்பு காட்டியது. 2007-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கு இந்தப் பிரச்னையின் முழு வடிவத்தையும் காட்டுகிறது. செங்கல் சூளைக்கு மண் ஏற்றிச் சென்ற டிராக்டர் டிராலியில் அமர்ந்து சென்று காயமடைந்தவர் ஒரு கூலித் தொழிலாளி. டிராக்டருக்கு இருந்த காப்பீடோ விவசாயப் பணிக்கானது. நிறுவனம் பொறுப்பல்ல என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்றது. ஆனால், அவருடைய ஏழ்மையையும் உடல்நிலையையும் கருதி, கொடுத்துவிட்டு வசூலிக்குமாறு நிறுவனத்துக்கு உத்தரவிட்டது.

இது நீதிமன்றத்தின் கருணையே தவிர, தொழிலாளியின் உரிமை அல்ல. ஒவ்வொரு வழக்கிலும் இத்தகைய உத்தரவு கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கிடைத்தாலும், அந்தத் தொகை இறுதியில் வந்து விழுவது டிராக்டர் வைத்திருக்கும் சிறு விவசாயியின் மீது. பக்கத்து வீட்டாரைக் கோயிலுக்கு அழைத்துச் சென்ற அவர், தன் நிலத்தை விற்று இழப்பீட்டைத் திருப்பிச் செலுத்தும் நிலைக்கு ஆளாகலாம். இறந்தவர் குடும்பமும் ஓட்டியவர் குடும்பமும் பெரும்பாலும் ஒரே ஊர், ஒரே உறவு.

ஓட்டுநர் உரிமம் தொடர்பான ஒரு நீண்ட வழக்கில் மட்டும் சாமானியருக்குச் சாதகமான முடிவு கிடைத்தது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர், சரக்கோ பயணிகளோ இல்லாத நிலையில் 7,500 கிலோவுக்கு மேற்படாத எடையுள்ள போக்குவரத்து வாகனத்தை ஓட்டலாமா என்பது கேள்வி. ஓட்டலாம் என்று 2017-இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் தீர்ப்பு வந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் அதை எதிர்த்தன. 2024 நவம்பர் 6-ஆம் தேதி, அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அரசியல் சாசன அமர்வு முந்தைய தீர்ப்பை உறுதி செய்தது. தனி உரிமம் இல்லாத ஓட்டுநர்களால்தான் விபத்துகள் நேர்கின்றன என்பதற்குப் புள்ளிவிவர ஆதாரம் எதுவும் முன்வைக்கப்படவில்லை என்றும் அமர்வு குறிப்பிட்டது. பிக்-அப் ஓட்டிப் பிழைக்கும் ஆயிரக்கணக்கானோரின் வேலையும், அவர்கள் வாகனங்களால் பாதிக்கப்பட்டோரின் இழப்பீடும் அதனால் தப்பின. ஆனால், வாகனத்தின் மேல் இருந்தவர் யார் என்ற பழைய கேள்வி அப்படியே நிற்கிறது.

தடையும் பின்வாங்கலும்

தடை போடுவதற்கான சட்ட அதிகாரம் அரசுகளிடம் இல்லாமல் இல்லை. ஜுகாட் ஒரு மோட்டார் வாகனமே. பதிவு, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் இன்றி அதைச் சாலையில் விடக் கூடாது என்று 2013-இல், ராஜஸ்தான் அரசுப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. நான்கு சக்கரங்களுக்குக் குறைவாகவும், 25 சி.சி.க்கு மேற்படாத இன்ஜினும் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. எந்த ஜுகாடும் அந்த விலக்கில் வராது.

தீர்ப்புக்குப் பிறகும் ஜுகாட் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் அரசியல். 2022 ஏப்ரலில் பஞ்சாப் காவல் துறை, மோட்டார் சைக்கிள் ரேஹ்டிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவிட்டது. ஆம் ஆத்மி அரசு பதவியேற்று ஒரு மாதமே ஆகியிருந்தது. காய்கறி விற்பவர்கள், சில்லறைச் சுமை ஏற்றுபவர்கள் தெருவில் இறங்கினர். எதிர்க்கட்சிகள் அவர்கள் பக்கம் நின்றன. சில நாள்களிலேயே முதல்வர் பகவந்த் மான் உத்தரவைத் திரும்பப் பெறச் செய்தார். ஏழைகளின் பிழைப்பு காப்பாற்றப்பட்டது. அவர்களின் பாதுகாப்பு பற்றிய பேச்சும் அத்துடன் முடிந்தது.

இன்னொரு பக்கம், சட்டம் அரசுக்குத் தேவைப்படும்போது நினைவுக்கு வருகிறது. 2024 பிப்ரவரியில் விவசாயிகள் மீண்டும் தில்லி நோக்கிப் புறப்பட்டபோது, மோட்டார் வாகனச் சட்டப்படி நெடுஞ்சாலையில் டிராக்டர் டிராலிகளைப் பயன்படுத்த முடியாது என்று பஞ்சாப், ஹரியாணா உயர் நீதிமன்றம் விசாரணையின்போது குறிப்பிட்டது. அந்தக் கருத்தைச் சட்டத்தின் பார்வையில் மறுப்பது கடினம். ஆனால், அதே நெடுஞ்சாலையில் மண்டிக்கும் சூளைக்கும் கட்சிக் கூட்டங்களுக்கும் டிராலிகள் செல்லும்போது எந்த அரசும் அந்தப் பிரிவுகளைத் தேடுவதில்லை. தில்லிக்கு வரும் டிராலி சட்ட மீறல், தேர்தல் கூட்டத்துக்கு வரும் டிராலி மக்கள் ஆதரவு என்றால், விதி மீது கிராமத்தாருக்கு எப்படி மதிப்பு வரும்?

செய்யக்கூடியவை

முழுத் தடை, முழுக் கண்மூடல் ஆகிய இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலைகள் உள்ளன. முதலாவது, கட்டுப்பாடு பட்டறையிலிருந்து தொடங்க வேண்டும். டிராலி செய்யும் பட்டறைகளுக்கு எளிய உரிமம், அச்சுக்கும் இணைப்புக்கும் பிரேக்குக்கும் குறைந்தபட்சத் தரம், விற்கும்போதே பதிவு எண், விளக்கு, பிரதிபலிப்புப் பட்டை ஆகியவை கட்டாயமாக்கப்பட்டால், ஓடும் டிராலிகளைத் துரத்த வேண்டிய தேவை படிப்படியாகக் குறையும். டிராக்டருக்கு வரிச் சலுகை அளிக்கும் அரசு, பிரேக்குள்ள டிராலிக்கும் ஒரு சலுகை அளித்தால், அதன் செலவு பெரிதாக இராது.

இரண்டாவது, ஏற்றச் சொல்பவரின் பொறுப்பு. தெண்டு இலை ஒப்பந்ததாரர், சூளை உரிமையாளர், கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கட்சிக்காரர் ஆகியோர்தான் பெரும்பாலும் வாகனத்தை அமர்த்துகிறார்கள். சட்டத்தில், வாகனத்தை ஓட்டியவர் மட்டுமல்லாமல் ஓட்டச் செய்தவர், ஓட்ட அனுமதித்தவர் என்ற சொற்களும் உள்ளன. வழக்குப் பதிவில் அந்தச் சொற்கள் அரிதாகவே உயிர் பெறுகின்றன. வேலைக்கு அழைத்துச் செல்பவரே பாதுகாப்பான வாகனத்தையும் காப்பீட்டையும் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனையானால், ஓட்டுநரை மட்டும் சிறைக்கு அனுப்பிக் கணக்கை முடிக்க முடியாது.

மூன்றாவது, காப்பீடு. சரக்கு வாகனத்தில் ஏறியவர் தவறு செய்தவர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தவறுக்கு அவருடைய குழந்தைகள் தண்டனை பெறுவது நியாயமாகாது. கொடுத்துவிட்டு வசூலிப்பது என்ற ஏற்பாட்டை நீதிமன்றக் கருணையிலிருந்து சட்ட உரிமையாக மாற்றுவது நாடாளுமன்றத்தின் கையில் உள்ளது. 2019-இல் அத்தனை பிரிவுகளைத் திருத்தியபோது அந்த வாய்ப்பு தவறவிடப்பட்டது.

நான்காவதும் அடிப்படையானதும் பேருந்து. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கியதிலிருந்து 7 லட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சாலைகள் போடப்பட்டுள்ளன. சாலை சென்ற ஊர்களுக்கெல்லாம் பேருந்து செல்லவில்லை. அந்த இடத்தை டிராலியும் பிக்-அப்பும் நிரப்பின. பிகார் அரசு 2018-இல் தொடங்கிய திட்டத்தில், ஊராட்சிதோறும் தாழ்த்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பயணிகள் வாகனம் வாங்குவதற்கு, விலையில் பாதி வரை, அதிகபட்சம் ரூ. 1 லட்சம் மானியம் அளிக்கப்பட்டது. சத்தீஸ்கரில் 2025 அக்டோபரில் முதலமைச்சர் கிராமப் பேருந்துத் திட்டம் பஸ்தரில் தொடங்கி வைக்கப்பட்டது. இவை சிறிய தொடக்கங்களே ஆனாலும், சரியான திசையில் எடுத்து வைக்கப்பட்ட அடிகள்.

டிராலியிலோ பிக்-அப்பிலோ ஏறுபவர்களுக்கு அதன் ஆபத்து தெரியாமல் இல்லை. ஒரு நாள் கூலியை இழப்பதா, உயிரைப் பணயம் வைப்பதா என்ற கேள்விக்கு அவர்கள் ஒவ்வொரு நாளும் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. கூடுதல் பயணிக்கு மாற்று வாகனம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சட்டத்தில் எழுதிய அரசு, அந்த மாற்று வாகனத்தை விபத்துக்கு முன்பே அந்தச் சாலையில் விட்டிருக்க வேண்டும். அடுத்த தெண்டு இலைப் பருவம் தொடங்குவதற்குள் அது நடக்குமா என்பதைத்தான் கபீர்தாம் போன்ற மாவட்டங்கள் தில்லியிடமும் தங்கள் மாநிலத் தலைநகர்களிடமும் கேட்கின்றன.